சித்தப்பாவின் சிங்கர் 29கே: தோல் தைக்கும் மிதி மெஷினை மறுபடி ஓட வைப்பது எப்படி?

திண்டுக்கல்_தோல்பை

வணக்கம். எங்கள் சித்தப்பா செருப்புத் தைக்க வைத்திருந்த கால்மிதி மெஷின் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. கண் பார்வை குறைந்ததும் அவர் தொழிலை விட்டுவிட்டார். அதிலிருந்து கொட்டகை ஓரத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. தகட்டில் 29கே என்று இருக்கிறது. சீரியல் எண் ஈ.எஃப். என்ற எழுத்துகளில் தொடங்குகிறது.

கைச்சக்கரம் கால்வாசி சுற்றியதும் டக்கென்று நின்றுவிடுகிறது. பின்பக்கம் திருப்பினாலும் அப்படித்தான். அந்தக் கால்வாசிக்குள் தடையில்லாமல் லேசாகவே சுற்றுகிறது. கீழே மிதியும் பெரிய சக்கரமும் நன்றாக ஓடுகின்றன, பெல்ட்தான் இல்லை. ஊசியும் இல்லை. அடிநூல் பாபினைத் தாங்குகிற ஷட்டில், கையின் நுனியில் சிக்கி உட்கார்ந்திருக்கிறது.

நான் கையால் தைத்து மணிபர்ஸும் தோள்பையும் செய்கிறேன். இதை அழகுக்கு வைக்கும் எண்ணம் இல்லை, ஓட்டித் தைக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? மோட்டார் போடலாமா? எந்த வருட மெஷின் என்று சொல்ல முடியுமா?

ஆம்பூர்_அப்பர்

தம்பி, முதல் வேலையாகச் சக்கரத்திலிருந்து கையை எடுங்கள். பலம் கொடுத்துத் திருப்பவே வேண்டாம்.

துருப்பிடித்த மெஷின் எல்லா இடத்திலும் கனமாகச் சுற்றும். உங்களுடையது லேசாகச் சுற்றி, ஒரே இடத்தில் டக்கென்று நிற்கிறது. ஷட்டில் பக்கம் எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் பழைய நூல்தான். இந்த வகையில் ஷட்டில் முழு வட்டம் சுற்றாது, இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடும். அதை ஆட்டுவதற்கு, ஊசிக்கு அடியில் நீட்டியிருக்கிற அந்த நீண்ட கையின் உள்ளே ஒரு பல் கம்பி முன்னும் பின்னும் ஓடுகிறது. ரேக் என்போம். ரேக் போய் நுனியில் இருக்கிற பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தைத் திருப்பும். நூல் சிக்கியிருக்கும்போது சக்கரத்தை அழுத்தித் திருப்பினால் அந்தச் சின்னப் பற்கள்தான் முதலில் போகும். மெஷினில் விலை கூடிய பாகம் அதுதான்.

ஊசித் தட்டைக் கழற்றுங்கள். திருகுப்பள்ளத்தின் அகலத்துக்குச் சரியாக உட்காரும் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சின்னதாக எடுத்தால் தலை வழுக்கிவிடும். வரவில்லை என்றால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். அப்போதும் வராவிட்டால், சாலிடரிங் அயர்னைத் திருகின் தலையில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கிய பிறகு முயலுங்கள். பழைய சிங்கர் திருகுகளின் மரை தனி அளவு. கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் திருகைத் திணித்தால் ஓட்டையே கெட்டுவிடும். கழற்றுவதையெல்லாம் ஒரு டப்பாவில் பத்திரமாகப் போடுங்கள்.

உள்ளே தெரிகிற நூலை இழுக்காதீர்கள். கூர்மையான பிளேடால் துண்டு துண்டாக அறுத்து, ட்வீசரால் எடுங்கள்.

பழைய_இரும்பு

வருடத்தை நான் சொல்கிறேன். கே என்றால் கில்போவி. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ அருகே கிளைட்பேங்கில் சிங்கருக்கு இருந்த தொழிற்சாலை. 1885இல் திறந்து, 1980இல் மூடினார்கள். அதன் மணிக்கூண்டுக் கடிகாரம் உலகத்திலேயே பெரிய கடிகாரங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. அதை 1963இல் இடித்துவிட்டார்கள். ஈ.ஏ. வரிசை 1935 வாக்கில் தொடங்கியது. ஈ.எஃப். என்றால் நாற்பதுகளின் கடைசி. நம் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த காலத்தை ஒட்டிச் செய்த மெஷின் இது.

'நூறு வருட சிங்கர்' என்று சொல்லிப் பழைய சாமான் கடைகளில் விலை ஏற்றுவார்கள். வாங்க நினைக்கிறவர்கள் சீரியல் எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். வயது எவ்வளவு என்பதைவிட எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

திண்டுக்கல்_தோல்பை

அண்ணா சொன்னதேதான்! ஊசித் தட்டுக்குக் கீழே கறுப்பு நைலான் நூல் கட்டியாக இறுகி, ஷட்டிலுக்கும் அது ஓடுகிற பள்ளத்துக்கும் நடுவில் ஆப்பு மாதிரி உட்கார்ந்திருந்தது. அறுத்து எடுத்ததும் ஷட்டில் கையோடு வந்துவிட்டது. சக்கரம் இப்போது முழுச் சுற்று சுற்றுகிறது.

ஆனால் கனமாக இருக்கிறது. எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும் மஞ்சள் பிசின் போல ஏதோ உறைந்து நிற்கிறது. பழைய எண்ணெயின் மணம் இன்னும் அடிக்கிறது. சித்தப்பாவிடம் கேட்டேன். மெஷின் எண்ணெய் கையில் இல்லாத நாளில் நல்லெண்ணெய் விடுவாராம்.

மட்டக்களப்பு_சப்பாத்து

எங்கட பக்கமும் இது நடக்கிறதுதான். போர்க்காலத்தில் மெஷின் எண்ணெய் கிடைக்காமல் தேங்காய் எண்ணெய் விட்டு ஓட்டின சப்பாத்துக்காரர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல ஏலாது, அண்டைக்குச் சோறு வேண்டும். ஆனால் சமையல் எண்ணெய் எதுவும் மெஷினுக்கு ஆகாது. நல்லெண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டு வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவில் உறையத் தொடங்கும். நாள்பட்டால் அதுவும் அழுக்கோடு சேர்ந்து பசையாகிவிடும்.

மண்ணெண்ணெயை ஒவ்வொரு துளையிலும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள், வெளியே வருகிற பழுப்பைத் துணியால் துடையுங்கள். திரும்பவும் விடுங்கள். தெளிந்து வருமட்டும் இதைத்தான் செய்ய வேண்டும். ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டினால் சீக்கிரம் இளகும். மண்ணெண்ணெய் கழுவத்தான், உராய்வைத் தாங்காது. அதனால் கழுவி முடிந்த உடனேயே வெள்ளைத் தையல் மெஷின் எண்ணெய் விட வேண்டும். மண்ணெண்ணெய் இருக்கிற இடத்தில் நெருப்பும் வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம். சூட்டை முதலே காட்டி முடியுங்கள்.

இன்னொன்று. தங்க எழுத்து மிச்சம் இருந்தால் அந்த இடத்தில் தின்னரோ ஸ்பிரிட்டோ படவிடாதீர்கள். பழைய கறுப்புப் பூச்சுக்கு மேலே இருக்கிற அரக்கு வார்னிஷ் ஸ்பிரிட்டில் கரைந்து போகும்.

வானவில்_பைகள்

நான் தோல் பைகள் செய்து விற்கிறேன். உற்சாகத்தைக் குறைப்பதற்காகச் சொல்லவில்லை, எதிர்பார்ப்பு சரியாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன். 29கே பழுது பார்க்கப் பிறந்த மெஷின். ஷூவின் உள்ளே நுழைந்து, பிய்ந்த இடத்தில் தைப்பதற்குத்தான் அந்தக் கை அவ்வளவு ஒல்லி. அடியில் பல் கிடையாது. தோலை நகர்த்துவது மேலே இருக்கிற பாதம் மட்டுமே. அந்தப் பாதம் எந்தத் திசைக்கும் திரும்பும் என்பது பெரிய வசதி, ஆனால் அதனாலேயே நீளமான நேர்த்தையல் லேசாக ஆடும். பாபின் மிகச் சின்னது, ஒரு பையின் சுற்றுத் தையலுக்குள்ளேயே தீர்ந்துவிடலாம்.

பெல்ட், குதிரைச் சேணம் மாதிரித் தடித்த வேலைகளுக்கு இது வேண்டாம். 5, 6 மி.மீ. தாண்டினால் இதற்குக் கஷ்டம். பை மட்டும்தான் தைக்கப் போகிறீர்கள் என்றால், அடியிலும் மேலிலும் சேர்ந்து நகர்த்துகிற வாக்கிங் ஃபுட் மெஷின் ஒன்றுக்குப் பணம் சேருங்கள்.

ஆம்பூர்_அப்பர்

மேடம் சொல்கிற கணக்கு சரி, ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. பையில் எல்லாத் தையலும் நேர்த்தையலா? முக்கோணப் பக்கத் துண்டு, அடி மூலை, முடித்த பையில் கைப்பிடி பிய்ந்தால் போடும் தையல், இதெல்லாம் தட்டை மெஷினில் பையைக் கவிழ்த்து மல்லுக்கட்ட வேண்டிய வேலை. 29கே கையில் பையை மாட்டிவிட்டு, பாதத்தைத் திருப்பித் திருப்பித் தைத்துவிடலாம். எங்கள் ஊர் ஷூ கம்பெனிகளில் வரிசையாகப் பெரிய மெஷின்கள் ஓடுகிற இடத்திலும், திருத்த வேலைக்கு ஓரத்தில் இப்படி ஒன்று நிற்கும்.

அதோடு, அவர் சித்தப்பா இதில்தான் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறார். ஓடக்கூடிய மெஷினைக் கொட்டகையில் விட மனசு வராது.

வானவில்_பைகள்

அதில் எனக்கு மறுப்பே இல்லை அண்ணா. மூலைக்கும் பழுதுக்கும் இதற்கு நிகர் இல்லைதான். நேர்த்தையலை இப்போதைக்குக் கையாலேயே தைக்கட்டும், அவர் கைத்தையல் நன்றாக இருக்கும்போது அதற்கு என்ன குறை?

திண்டுக்கல்_தோல்பை

இருவருக்கும் நன்றி. மூலைகளுக்கு இதையே வைத்துக்கொள்கிறேன்.

கழுவி எண்ணெய் விட்ட பிறகு சக்கரம் ஒரு விரலால் சுற்றுகிறது. கையில் கிடைத்த ஊசியைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன், இரண்டு சிக்கல்கள் தெரிகின்றன. ஒன்று, நாலைந்து தையலுக்கு ஒரு தையல் விட்டுப்போகிறது. இரண்டாவது, தையல் நீளத் திருகை முழுக்க வைத்தாலும் தையல் பொடிப்பொடியாக விழுகிறது. நூல் இல்லாமல் ஒரு தோல் துண்டில் ஓட்டி, ஸ்கேல் வைத்து ஓட்டைகளை எண்ணினேன். ஓர் அங்குலத்தில் 10 இருக்கிறது.

கோவை_லேத்

நூல் இல்லாமல் ஓட்டி எண்ணிப் பார்த்தது ரொம்பச் சரியான சோதனை. எல்லோரும் இதைச் செய்துவிட்டு எழுதினால் பதில் சொல்வது சுலபம்.

முதலில் ஊசி. வீட்டுத் தையல் மெஷின் ஊசியைப் போட்டிருக்கிறீர்களா? நீளமும் தண்டும் வேறு என்பதால் அது இதற்குப் பொருந்தாது. 29×3 என்று கேட்டு வாங்குங்கள், அது தோலை வெட்டி நுழைகிற முனை. 29×4 துணிக்கானது, உருண்டை முனை. ஊசியின் நீண்ட பள்ளம் நூல் நுழைகிற பக்கமும், கண்ணுக்கு மேலே இருக்கிற குழிவு ஷட்டில் பக்கமும் இருக்க வேண்டும். தையல் விடுகிறது என்று எங்களிடம் வருகிற மெஷின்களில் பாதிக்கு ஊசி மாற்றினாலே போதும்.

அதன் பிறகும் விட்டால் ரேக்கையும் பினியனையும் பார்க்க வேண்டும். கைச்சக்கரத்தை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, ஷட்டில் உட்காரும் தொட்டிலை இன்னொரு கை விரலால் ஆட்டுங்கள். மயிரிழை ஆடினால் பரவாயில்லை. கண்ணுக்குத் தெளிவாக ஆடினால் பற்கள் தேய்ந்துவிட்டன. ஊசி அடிவரை போய், 2 மி.மீ. அளவு மேலே ஏறும்போது கண்ணருகே நூல் சின்ன வளையம் விடும். ஷட்டிலின் முனை அந்த நொடியில் கண்ணுக்குச் சற்று மேலே வந்து வளையத்துக்குள் நுழைய வேண்டும். பற்களில் ஆட்டம் இருந்தால் முனை தாமதமாக வரும். அதற்குள் ஊசிக்கண் மேலே போயிருக்கும், வளையம் தப்பிவிடும்.

ஆட்டம் கொஞ்சம்தான் என்றால் ஊசித் தண்டை ஒரு பொட்டு இறக்கிச் சமாளிக்கலாம். அதிகம் என்றால் ரேக்கும் பினியனும் ஜோடியாகப் புதிதாகவே கிடைக்கின்றன, ஜோடியாகவே மாற்றுங்கள். தேய்ந்த ரேக்கில் புதுப் பினியனைப் போட்டால் பல்லோடு பல் சேராது. கழற்றுமுன் எந்தப் பல் எந்தப் பல்லோடு சேர்ந்திருக்கிறது என்று இரண்டிலும் நெயில் பாலிஷால் பொட்டு வைத்துவிடுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் மெஷின் தைக்காது.

பொடித் தையலுக்கு வருகிறேன். இந்த மெஷின் நல்ல நிலையில் அங்குலத்துக்கு 5, 6 தையல் வரை நீட்டித் தைக்கும். 10 என்றால் பாதத்தை முன்னும் பின்னும் தள்ளுகிற நெம்புகோல்களின் மூட்டுகள் தேய்ந்திருக்கின்றன. ஒவ்வொரு மூட்டும் அரை மில்லி, கால் மில்லி என்று தின்றுவிட்டால் கடைசியில் பாதத்துக்கு அசைவே மிஞ்சாது. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பாதத்தைக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள், கூடவே மேலே ஒவ்வொரு மூட்டாக விரல் வைத்துப் பாருங்கள். ஆடுகிற மூட்டு விரலுக்குத் தெரியும். அந்தப் பின்னையும் நெம்புகோலையும் மட்டும் நல்ல லேத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். தேய்ந்து முட்டை வடிவமான ஓட்டையை ரீமர் போட்டு வட்டமாக்கி, அதற்குச் சரியாகப் புதுப் பின் கடைந்து தருவார்கள். வெல்டிங் வைக்கலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சூட்டில் வளைந்தால் அப்புறம் எதுவும் நேராகச் சேராது.

பழைய_இரும்பு

நடுவில் மோட்டார் கேள்வி அப்படியே நிற்கிறது. என் கருத்து: போடாதீர்கள். பற்களும் மூட்டுகளும் ஏற்கனவே பாதி தேய்ந்தவை, வேகம் கொடுத்தால் மீதியும் சீக்கிரம் போகும். தோல் தைக்கும்போது ஒரே ஒரு தையல் போட்டு நிறுத்தி, பாதத்தைத் திருப்ப வேண்டும். அந்த நிதானம் காலில் கிடைக்கும். தோலில் ஒரு ஓட்டை தப்பி விழுந்தால் துணி மாதிரி மறையாது.

ஆம்பூர்_அப்பர்

இதில் நானும் அதே கட்சி. மூலை வரும்போது மிதியை விட்டுவிட்டு, கையால் சக்கரத்தைச் சுற்றித் தைத்தால் இன்னும் சுத்தமாக வரும். பெல்ட்டுக்குத் தோல் பெல்ட்டே போடுங்கள், உருண்டையானது, 5 மி.மீ. தடிமன் போதும். இரண்டு நுனியிலும் ஓட்டை போட்டுக் கம்பிக் கொக்கியால் இணைப்பார்கள். புதுத் தோல் கொஞ்ச நாளில் நீளும், வழுக்கத் தொடங்கும்போது அரை அங்குலம் வெட்டி மறுபடி கொக்கி போடுங்கள். தொடக்கத்திலேயே அளவுக்கு மீறி இறுக்கினால் மிதி கனத்துவிடும், தாங்குகிற இடங்களும் தேயும்.

திண்டுக்கல்_தோல்பை

மோட்டார் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். இப்போது நிலைமை:

29×3 ஊசி போட்டதும் தையல் விடுவது பெரும்பாலும் நின்றுவிட்டது. ஷட்டில் தொட்டிலில் ஆட்டம் இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். ஊசித் தண்டைச் சற்று இறக்கியதும் தோல் துண்டில் ஒரு தையல்கூட விடவில்லை. ஷட்டில் முனையில் நகம் வைத்தால் தட்டுகிற அளவு ஒரு பிசிர் இருந்தது. 2000 எமரித் தாளில் எண்ணெய் தொட்டு மெல்லத் தேய்த்து வழுவழுப்பாக்கினேன்.

பாதத்துப் பக்கம் இரண்டு மூட்டுகள் ஆடின. இங்கே ஒரு லேத்துக் கடையில் கொடுத்தேன். அந்தப் பெரியவர் நெம்புகோலை வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டையின் ஒரு பக்கம் மட்டும் தின்றிருப்பதைக் காட்டினார். புதுப் பின் கடைந்து போட்டதும் 10 தையல் 7 ஆகிவிட்டது. எனக்கு இதுவே போதும்.

நூல் கோக்கத்தான் முதலில் வழி தெரியவில்லை. பாதம் இருக்கிற தலைப்பகுதி எல்லாத் திசைக்கும் திரும்புவதால் நூல் அதன் உள்வழியாகவே மேலிருந்து கீழே இறங்குகிறது. சித்தப்பா வந்து, நுனியில் கொக்கி வளைத்த மெல்லிய கம்பியைக் கீழிருந்து விட்டு, மேலே நூலை மாட்டி, ஒரே இழுப்பில் கொண்டுவந்தார். அவருக்குப் பார்வை தெளிவில்லை, கை அதன் பாட்டுக்கு வேலை செய்கிறது.

இப்போது கேள்வி நூலைப் பற்றி. தையலின் அடிப்பக்கம் மேல்நூல் வளையம் வளையமாகத் தெரிகிறது. நூலும் தடித்தது, சித்தப்பாவிடம் மிச்சம் இருந்த கண்டு. என்ன நூல், என்ன ஊசி வாங்குவது?

வானவில்_பைகள்

அடியில் வளையம் வந்தால் மேல்நூல் தளர்ச்சி. நூல், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் உண்மையிலேயே உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பல நேரம் ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும். உட்கார்ந்திருந்தால் மேல் டென்ஷனைக் கால் திருப்பு இறுக்குங்கள். முடிச்சு தோலின் நடுவில் புதைந்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். ஷட்டிலில் இருக்கிற சின்ன ஸ்பிரிங் திருகைக் கடைசியில்தான் தொட வேண்டும். அதிலிருந்து நூலை இழுத்தால் முட்டாமல் மோதாமல் ஒரே சீராக வர வேண்டும். திக்கித் திக்கி வந்தால் ஸ்பிரிங்குக்கு அடியில் அழுக்கு இருக்கிறது.

நூலுக்கு பாண்டட் நைலான் (இழை பிரியாமல் ஒட்டிய நைலான்) கேளுங்கள். 40 எண் நூல், 18 ஊசி. மணிபர்ஸுக்கும் பைக்கும் இது தாராளம். பெரிய எண் என்றால் மெல்லிய நூல், நினைவில் வையுங்கள். 20 எண் நூலும் 22, 23 ஊசியும் இந்த மெஷினுக்கு மேல் எல்லை. அதைப் போட்டால் பாபினில் கொஞ்சம்தான் பிடிக்கும், இழுப்பும் கூடும். பருத்தி நூலில் மெழுகு தேய்த்துப் போடுகிற பழக்கம் கைத்தையலுக்கு நல்லது. இதில் போட்டால் டென்ஷன் தட்டிலும் அந்த உள்வழியிலும் மெழுகு அடைத்துக்கொள்ளும்.

ஆம்பூர்_அப்பர்

ஊசியும் நூலும் சென்னை பெரியமேட்டில் தோல் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இந்தப் பக்கம் வந்தால் ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ வாங்கலாம். 16, 18, 21 மூன்று அளவிலும் ஊசி எடுத்து வையுங்கள். ஊசித் தட்டின் ஓட்டையையும் ஒருமுறை பாருங்கள். தேய்ந்து பெரிதாகியிருந்தால் மெல்லிய தோலை ஊசி உள்ளே அமுக்கிக்கொண்டு போகும், அப்போதும் தையல் விடும். தட்டு தனியாகக் கிடைக்கும்.

நிறுத்தி வைக்கும்போது பாதத்துக்கு அடியில் ஒரு தோல் துண்டை வைத்துவிடுங்கள், பாதத்தின் பல் தட்டில் உராயாது. தினமும் தைப்பவர் என்றால் காலையில் எல்லாத் துளைக்கும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய். ஷட்டில் பள்ளத்துக்கு மட்டும் பாபின் மாற்றும்போதெல்லாம் ஒரு சொட்டு விடுங்கள். விட்டதும் ஒரு பழைய தோல் துண்டில் பத்துத் தையல் ஓட்டிவிட்டு, அப்புறம் பையை எடுங்கள். இல்லாவிட்டால் முதல் தையலிலேயே எண்ணெய்க் கறை விழும், வெளிர்நிறத் தோலில் அது போகவே போகாது.